சூபாபுல் இலைத்தூள்: ஊறவைக்காமல் மீனுக்குப் போடலாமா?

குளத்துமேட்டுக்காரன்: யூடியூப்ல ஒருத்தர், சூபாபுல் மரத்து இலையைக் காயவெச்சு அரைச்சுத் தீவனத்துல பாதிக்குப் பாதி கலக்கலாம், கடலைப் புண்ணாக்கே வேண்டாம்னு சொல்றார். ஊறவைக்கிறதைப் பத்திப் பேச்சே இல்ல. அந்த இலையில மிமோசின்னு நஞ்சு இருக்கு. அப்படியே போட்டா ஜிலேபி மீன் சரியா வளராது.

ஜிலேபி ராஜா: அந்த வீடியோவை இங்க போட்டது நான்தான். பேரைச் சொல்லியே திட்டுங்க. எங்க ஆடு தினமும் அதைத்தான் திங்குது, நல்லாத்தான் இருக்கு. காய்ஞ்ச இலையில புரதம் 20 சதவீதத்துக்கு மேல!

குளத்துமேட்டுக்காரன்: ஆடு அசைபோடுற பிராணி. மிமோசினை உடைக்கிற பாக்டீரியா அதோட இரைப்பையில வாழும். மீனுக்கு அந்த இரைப்பை ஏது? ஊறவைக்கணும்.

ஜிலேபி ராஜா: ஊறவெச்சா சத்தெல்லாம் தண்ணியோட போயிடும்.

குளத்துமேட்டுக்காரன்: சத்து கொஞ்சம் போகட்டும், நஞ்சும் போகுதுல்ல. ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டுத்தான் காயவைக்கணும். வெயில் மட்டும் போதாது. நீங்க சொல்ற புரதமும் அப்படியே மீன் உடம்புல ஒட்டாது. இலையில இருக்கிற நாரும், டானின்ங்கிற துவர்ப்புப் பொருளும் செரிக்க விடாது. ஊறவெச்சாலும் நான் 10 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன்.

கட்லா கண்ணன்: எதுக்கு இவ்ளோ பாடு? புல்கெண்டை மீனைக் குளத்துல விடுங்க, பச்சை இலையையே தின்னும். எங்க குளத்துல கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தவிடும் புண்ணாக்கும் சரிபாதி, ஓட்டை போட்ட பையில கட்டித் தொங்கவிடுறோம். அவ்ளோதான்.

ஜிலேபி ராஜா: புண்ணாக்கு விலை தெரியுமா கண்ணன் சார்? தண்ணியில மிதந்து வளர்ற அசோலாவைத் தீவனமாப் போடுற பேச்சு வந்தப்பவும் இப்படித்தான் பெரிய பண்ணைக்காரங்க எல்லாரும் சேர்ந்து என்னை மட்டம் தட்டினீங்க.

கட்லா கண்ணன்: அசோலாவுல 100க்கு 90 பங்கு தண்ணின்னு சொன்னேன். உண்மைதானே?

முருங்கைத் தோட்டம்: முருங்கை இலையில மிமோசினே கிடையாதே. அதைப் பத்தி யாரும் பேச மாட்டீங்களா?

குளத்துமேட்டுக்காரன்: அதுல சபோனின்னு ஒரு கசப்புப் பொருள் இருக்கே அம்மா. அஞ்சு கிலோ பச்சை இலை காய்ஞ்சா ஒரு கிலோ தேறும். பறிக்கிற கூலி யார் கொடுப்பா? சூபாபுல் வேலியில சும்மா கிடைக்குது. அதனாலதான் சொல்றேன், ஊறவெச்சுப் போடுங்க.

ஜிலேபி ராஜா: தீவனக் கம்பெனி ஏஜென்ட் மாதிரியே பேசுறீங்க.

குளத்துமேட்டுக்காரன்: இலையைப் போடாதேன்னா சொன்னேன்? ஊறவெச்சுப் போடுன்னேன்! கம்பெனிக்காரன் அப்படிச் சொல்வானா?

ஜிலேபி ராஜா: நான் ஊறவைக்கப் போறதில்ல. பிடிக்கும்போது படம் போடுறேன், பாருங்க.

குளத்துமேட்டுக்காரன்: வெறும் படம் வேண்டாம், எடை போடுங்க. அதே நாள்ல விட்ட குஞ்சை இன்னொரு தொட்டியில ஊறவெச்ச இலை போட்டு வளர்த்து, அந்த எடையையும் சேர்த்துப் போடுங்க.

ஜிலேபி ராஜா: ரெண்டாவது தொட்டிக்குக் காசு நீங்க தர்றீங்களா?