வீடு வாங்கும் முன் வரைபடத்தை எப்படிப் பார்ப்பது? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். சொந்த வீட்டுக்கு இடம் தேடுகிறோம். ஒரு மாதமாக ராத்திரியெல்லாம் வரைபடத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். மெட்ரோ படத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளாகத் தெரிந்த இரண்டு நிலையங்கள், கூகுள் மேப்ஸில் அளந்தால் வெகு தூரம். 1933இல் லண்டன் சுரங்க ரயிலுக்காக ஹாரி பெக் என்ற வரைவாளர் வரைந்த படம் வந்ததிலிருந்தே இந்த வகைப் படங்கள் நிலையங்களின் வரிசையைத்தான் காட்டுகின்றன, தூரத்தை அல்ல என்று அப்புறம்தான் தெரிந்தது.

மனசுக்குப் பிடித்த வீடு ஒன்று நிலையத்திலிருந்து நேர்கோட்டில் 600 மீட்டர்தான். நடந்து பார்த்தோம். நடுவில் தண்டவாளம், சுற்றிப் போக 25 நிமிடம். மேம்பாலப் படிக்கட்டில் அம்மா இரண்டு தடவை நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டை அன்றே விட்டுவிட்டோம்.

காலை 8 மணிக்குக் கிளம்பினால் 45 நிமிடத்தில் எங்கெல்லாம் போய்ச் சேரலாம் என்று, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் காட்டும் ஐசோக்ரோன் வரைபடம் எதையாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் நடைபாதை, படிக்கட்டு விவரங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? மழைநீர் தேங்கும் தாழ்வான தெருவை, வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

இன்னொன்று. வரப்போகும் ரயில் பாதையைப் புள்ளிக்கோடாகப் பார்த்து, அதை நம்பி வீடு வாங்கியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தை அவசியம் எழுதுங்கள். அடுத்த வாரம் முன்பணம் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.