ரஷ்யப் படங்களில் முக்கோணக் காதல்: எதைக் கவனித்துப் பார்ப்பது?

இரண்டு ஆண்களில் யார் நல்லவன் என்று தேடிக்கொண்டு உட்கார்ந்தால் இந்தப் படங்கள் பிடிபடாது. யாருக்கு வீடு இருக்கிறது, யாருக்கு என்ன வேலை என்று பாருங்கள். அப்ராம் ரோம் 1927இல் எடுத்த பேசாப்படம் ‘மூன்றாம் மெஷ்சான்ஸ்கயா’ (மாஸ்கோவில் ஒரு தெருவின் பெயர்). மாஸ்கோவில் கடும் வீட்டுத் தட்டுப்பாடு. அச்சுத் தொழிலாளி வொலோத்யா, நண்பன் கோல்யாவும் அவன் மனைவி லுத்மீலாவும் இருக்கும் ஒற்றை அறையில் சோபாவில் படுக்க வருகிறான். கோல்யா வெளியூர் போன நேரத்தில் வொலோத்யா கட்டிலுக்கு மாறிவிடுகிறான். திரும்பி வந்த கணவனுக்குச் சோபா. கட்டிலுக்கு வந்தவனும் கொஞ்ச நாளில் கணவனைப் போலவே அதிகாரம் செய்கிறான். கடைசியில் லுத்மீலா சுவரில் மாட்டிய படச்சட்டத்திலிருந்து தன் புகைப்படத்தை மட்டும் உருவிக்கொண்டு ரயிலேறிவிடுகிறாள். அந்த வெறும் சட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

—

அதோடு ‘கொக்குகள் பறக்கின்றன’ (1957, கலதோசவ்) படத்தையும் சேருங்கள். வெரோனிகா, போர்முனைக்குப் போன போரிஸை விட்டு அவன் ஒன்றுவிட்ட சகோதரன் மார்க்கை மணந்தது துரோகம் என்றுதான் பலரும் முதல் தடவை முடிவு கட்டுகிறார்கள். மார்க்குக்குப் போர்முனை விலக்கு எப்படிக் கிடைத்தது என்று போரிஸின் அப்பாவுக்குத் தெரியவரும் காட்சியில்தான் தராசு சாய்கிறது. அணில் பொம்மையையும் பின்தொடருங்கள். போரிஸ் விட்டுப்போன பிறந்தநாள் பரிசு அது. கொட்டைகளுக்கு அடியில் அவன் கடிதம். அதை மார்க் இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுக்கிறான். அந்த ஆளைப் பற்றி அதற்குமேல் வசனமே தேவையில்லை.

—

என் கணக்கில் வர்க்கத்தை மிகத் துல்லியமாகக் காட்டியது மென்ஷோவின் ‘மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை’ (1980). 1958இல் கத்தெரீனா ஆலைத் தொழிலாளி. பேராசிரியர் மகள் என்று நடிக்கும்போது தொலைக்காட்சிக் கேமராக்காரன் ருதோல்ஃப் சுற்றிச் சுற்றி வருகிறான், உண்மை தெரிந்ததும் கைகழுவிவிடுகிறான். இருபது ஆண்டு கழித்து அவள் ஆலை இயக்குநர். அப்போது ஓடிப்போவது நல்லவனான கோஷா! மனைவியின் பதவி தன்னுடையதைவிட உயர்ந்திருந்தால் அது குடும்பமே இல்லை என்று நம்புகிற மெக்கானிக் அவன். அவளைக் காதலித்த இருவருக்குமே அவளுடைய வேலைதான் இடறுகிறது. ஒருவனுக்குத் தாழ்வு, மற்றவனுக்கு உயர்வு. மின்ரயிலில் அவள் கண் கோஷாவின் அழுக்குக் காலணியில் விழுவதையும், அவன் அதைக் கண்டுகொள்வதையும் நிறுத்திப் பாருங்கள். அந்தஸ்துப் பேச்சு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

—

ஆங்கில வசனவரியோடு பார்ப்பவர்களுக்கு ஒன்று. ரஷ்ய மொழியிலும் நம்மைப் போல ‘நீ’, ‘நீங்கள்’ உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகி, யார் எப்போது நெருங்கினார், யார் விலகினார் என்பதே காணாமல் போய்விடும். ‘தி’ என்றால் நீ, ‘வி’ என்றால் நீங்கள். காதைத் தீட்டிக்கொண்டால் சிக்கும். பெயரையும் கவனியுங்கள். ஆலையில் அப்பா பெயரோடு சேர்த்து ‘கத்தெரீனா அலெக்சாந்தரவ்னா’. கோஷாவுக்கு அவள் வெறும் ‘கத்யா’.