டிராவல் ட்ரெய்லரில் தண்ணீர்: சொட்டுவது ஓரிடம், புகுவது வேறிடம்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிதான் டிராவல் ட்ரெய்லர். அதில் கட்டில் மேல் சொட்டுகிறது என்பதற்காக அதற்கு நேர் மேலே ஓட்டையைத் தேட வேண்டாம். கூரை விரிப்புக்கு அடியில் புகுந்த நீர் ப்ளைவுட் மேல் படர்ந்து, ஒயர் போன வழியில் பல அடி நகர்ந்து, வண்டி சாய்ந்து நிற்கும் பக்கமாகத்தான் எட்டிப் பார்க்கும். நனைந்த இடத்திலிருந்து மேட்டுப் பக்கமாகத் தேடிப் போங்கள். முதலில் பார்க்க வேண்டியவை டேங்க் வென்ட் மூடி, ஆன்டெனா அடித்தட்டு, ஏணிக்கால், முன்னும் பின்னும் கூரை சுவரோடு சேரும் பட்டை.

அகப்படவில்லையா? டீலரிடம் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். ஒரு கூரை வென்ட்டில் ஊதுவிசிறியை வைத்து, மற்ற திறப்புகளை எல்லாம் மூடி, உள்ளே காற்றழுத்தம் ஏற்றுவார்கள். வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டையுள்ள இடத்தில் நுரை குமிழும். சிங்க், ஷவருக்கு அடியில் வளைந்திருக்கும் கழிவுக்குழாயில் (டிராப்) தண்ணீர் நிற்க வேண்டும். இல்லையென்றால் காற்று அந்த வழியே போய்விடும்.

அடைக்க எதை எடுத்தாலும் சிலிகானை எடுக்காதீர்கள். ரப்பர் கூரையில் அது சரியாகப் பிடிக்காது. உரித்த பிறகும் மிஞ்சும் எண்ணெய்ப் படலத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது. அடுத்து வேலை செய்கிறவர் உங்களைத் திட்டிக்கொண்டே சுரண்டுவார். தட்டையான இடத்துக்குத் தானே பரவும் லேப் சீலன்ட் (கூரை ஓரங்களை அடைக்கும் பசை), டைகார் பிராண்ட் போன்றது. செங்குத்தான ஓரத்துக்கு வழியாத வகை. பழைய சீலன்ட் நன்றாகப் பிடித்திருந்தால் முழுக்கப் பெயர்க்க வேண்டாம். விரிசல் விட்டதையும் தூக்கிக்கொண்டு நிற்பதையும் மட்டும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, சோப்பு நீரில் கழுவி, காயவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மேலே புதிதாக இடலாம். பெட்ரோல் வகைக் கரைப்பான் ஈபிடிஎம் எனும் கூரை ரப்பரை உப்ப வைத்துவிடும். ஒவ்வொரு ஸ்க்ரூ தலையும் மூடியிருக்க வேண்டும்.

கூரை ஏசியைச் சுற்றி சீலன்ட் பூசுவது வீண் வேலை. அங்கே தண்ணீரைத் தடுப்பது அடியிலுள்ள ஃபோம் கேஸ்கெட். உள்ளே கிரில்லைக் கழற்றினால் 4 போல்ட் தெரியும். நாளாக ஆக கேஸ்கெட் அமுங்கி அவை தளர்ந்துவிடும். பல மாடல்களுக்கு முறுக்கு விசை 40 முதல் 50 இன்ச்-பவுண்ட், கேஸ்கெட் அரை அங்குலத்துக்கு அமுங்கும் அளவு. அதற்கு மேல் முறுக்கினால் அடித்தட்டே வளையும்.

*

கூரைக்கு இதுவரை சொன்னது போதும். சுவரைப் பற்றி: மூலைப் பட்டையின் நடுவில் ஒரு வினைல் நாடா ஓடும். அது சுருங்கி, நுனியில் இடைவெளி தெரிந்தாலே உருவிப் பாருங்கள். உள்ளே ஸ்க்ரூ துருப்பிடித்து, பழுப்புக் கோடு வழிந்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மேலே ஒரு சீலன்ட் கோடு இழுத்தால் தீராது. பட்டையைக் கழற்றுங்கள். அடியில் இருந்த புட்டி காய்ந்த மாவு மாதிரி உதிரும். அதைச் சுத்தமாக எடுத்துவிட்டு, எட்டில் ஒரு பங்கு அங்குலத் தடிமனில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டி, புது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள். மரம் இற்றுப்போய் ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்றால் நீளமான ஸ்க்ரூ தற்காலிகம்தான். அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். முறுக்கியதும் பியூட்டைல் பிதுங்கும். ஒரு நாள் விட்டு மறுபடி கையால் முறுக்கி, பிதுங்கியதை நறுக்கி எறியுங்கள்.

ஜன்னலுக்கும் இதே முறைதான், ஒரு வித்தியாசம் உண்டு. மேல் விளிம்பிலும் இரு பக்கமும் சீலன்ட் கோடு போடலாம், கீழ் விளிம்பில் வேண்டாம். தப்பித் தவறிப் புகுந்த நீர் வெளியேற வழி வேண்டாமா? சட்டத்தின் அடியிலுள்ள வடிதுளைகளையும் குத்தி விடுங்கள்.

லேமினேட் சுவரில் ஃபைபர்கிளாஸ் தோலுக்கு அடியில் சுமார் 3 மிமீ லவான் எனும் மெல்லிய ப்ளைவுட், அதற்கும் அடியில் ஃபோம். லவான் ஊறினால் ஒட்டு விட்டுப்போய்த் தோல் உப்பும். சாயங்கால வெயிலில் சுவர் ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் மேடு தெரியும். எபாக்ஸி ஊசி போட்டுச் சரிசெய்கிறோம் என்பார்கள். உள்ளே காயாத சுவரில் அது ஒப்பனைதான். ஈரமானியில் மரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20 தாண்டினால் காரணம் தேட வேண்டும். முள் அலுமினியச் சட்டத்திலோ ஸ்க்ரூவிலோ பட்டால் பொய்யாக ஏறிக் காட்டும். பக்கத்தில் நாலு இடம் குத்திப் பாருங்கள்.

*

எல்லாத் தண்ணீரும் மழைத் தண்ணீர் இல்லை. டேங்கை நிரப்பி, வெளிக் குழாயைக் கழற்றி, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு பம்ப்பைப் போடுங்கள். அழுத்தம் ஏறியதும் அது ஓய வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டுர்ர்' என்று முனகினால், ஒன்று கசிவு, இல்லை பம்ப்பின் செக் வால்வு (நீரை ஒரே திசையில் விடும் வால்வு) வழியே நீர் டேங்குக்கே திரும்புகிறது. பிரித்தறிய: பம்ப்பை நிறுத்தி, ரெகுலேட்டர் வைத்து 45 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வெளித் தண்ணீர் கொடுங்கள். டேங்க் தானாக நிரம்பினால் குற்றவாளி வால்வு. நிரம்பாவிட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹீட்டர் பின்பக்கம், ஷவர் வால்வின் பின்பலகை, டாய்லெட் வால்வு என்று போங்கள். டிஷ்யூ பேப்பரை மூட்டில் சுற்றித் தடவினால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தெரியும். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, மேலே கால் சுற்று, அவ்வளவுதான். ஸ்பேனரில் மல்லுக்கட்டினால் விரிசல் விடும். தரைக்கு அடியிலுள்ள நெளி பிளாஸ்டிக் ஷீட் வயிறு மாதிரி தொங்குகிறதா என்றும் பாருங்கள், கசிந்ததெல்லாம் அங்கேதான் தேங்கும்.

புது வண்டியில் இப்படியா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்க ட்ரெய்லர்களில் பெரும்பகுதி இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. அங்கே பல ஆலைகளில் எத்தனை வண்டி முடிந்தது என்பதை வைத்துக் கூலி. பெக்ஸ் எனும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் ஏறிய ஸ்க்ரூ, பம்ப் வடிகட்டியில் பிளாஸ்டிக் சீவல் எல்லாம் அந்த அவசரத்தின் மிச்சம். கதவருகே ஒட்டியிருக்கும் ஆர்விஐஏ (இவ்வகை வண்டித் தொழில் சங்கம்) முத்திரை மின்சாரம், கேஸ், பிளம்பிங், தீப் பாதுகாப்பு விதிகளுக்கானது. சுவர் ஒழுகாது என்பதற்கான சான்று இல்லை. ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே ஹோஸ் பிடியுங்கள்: கீழிருந்து மேலாக, ஒரு பக்கத்துக்கு 10 நிமிடம், ஸ்லைடை (வெளியே நீளும் அறைப் பகுதியை) வெளியே தள்ளியும் உள்ளே இழுத்தும் ஒவ்வொரு தடவை. உள்ளே இன்னொருவர் அலமாரி மூலைகளைத் தொட்டுப் பார்க்கட்டும். பிரஷர் வாஷர் கூடாது, நல்ல சீலையும் அது பிய்த்துவிடும்.