1 பார் பூஸ்டுக்கு எந்த மேப் சென்சார்: 2.5-ஆ, 3-ஆ, 4-ஆ?

எஸ்டீம்_நாகர்கோவில்:
பழைய எஸ்டீம் 1.3 இன்ஜினில் சின்ன டர்போ ஏற்றியிருக்கிறேன். கோவை கரி டிராக்குக்கு டிரெய்லரில்தான் போகும், அதனால் ஆர்சி பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். தனி இசியூ (பெட்ரோலை அளந்து கொடுக்கும் கம்ப்யூட்டர்), பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்) 1 பார். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கம்பெனி மேப் சென்சார் 1 பாருக்கு மேல் படிக்காது. கையில் மூன்று இருக்கிறது: 2.5 பார், 3 பார், அப்புறம் பழைய சாமான் கடையில் 400 ரூபாய்க்குக் கிடைத்த 4 பார். எதைப் போட?

மார்த்தாண்டம்_டீசல்:
கண்ணை மூடிக்கொண்டு 4 போடு மக்கா. இன்று 1 பார் என்பாய், ஓணத்துக்குள் 1.5 கேட்பாய். டர்போ ஏற்றிய எவனும் முதல் பூஸ்டோடு நின்றதில்லை. நான் பட்டிருக்கிறேன். முன்பு பெட்ரோல் கார் வைத்திருந்தபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் 2 பார் சென்சார் போட்டுத் தந்தார்கள். பூஸ்ட் 1.3 வரை ஏறியது, சென்சார் 200 கிலோபாஸ்கலில், அதாவது 2 பாரில், முட்டி நின்றது. அதற்கு மேல் காற்று வருவதே இசியூவுக்குத் தெரியவில்லை, 200-க்கு உண்டான பெட்ரோலையே கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது பிஸ்டனைக் கழற்றினால் ஓரம் எலி கரம்பிய மாதிரி.

தக்கலை_வயரிங்:
அண்ணாச்சி, அது 2 பார் செய்த வேலை, 2.5 மேல் ஏன் பழி? சென்சார் வெற்றிடத்திலிருந்து எண்ணும். நம் ஊர்க் காற்று 101, பூஸ்ட் 100, ஆக 201. கொஞ்சம் எகிறினாலும் 220. இசியூவில் 230-க்கு பூஸ்ட் கட் (அதைத் தாண்டினால் இன்ஜினை அடக்குவது) வைத்துவிட்டால், பூஸ்டைக் கட்டுக்குள் வைக்கும் வேஸ்ட்கேட் ஹோஸ் கழன்றாலும் சென்சாரின் கண்ணுக்குள்ளேயே கட் விழும். ரேஞ்ச் கூடக் கூட, இசியூ அழுத்தத்தைப் படிக்கும் ஒவ்வொரு படியும் தடித்துப் போகும், ஐடிலில் அது உதைக்கும்.

குளச்சல்_காற்று:
அந்தப் படிக் கதையை விடுங்கள். 10 பிட் (1024 படி) இசியூவில் 2.5 பார் சென்சாருக்கு ஒரு படி சுமார் 0.26 கிலோபாஸ்கல், 3 பாருக்கு 0.32. இக்னிஷன் வயர் போடும் இரைச்சலே இதை விட அதிகம். தம்பி, அந்த 400 ரூபாய் சென்சார் எந்த வண்டியில் இருந்தது?

எஸ்டீம்_நாகர்கோவில்:
ஏதோ டீசல் வண்டி என்றார். அதன் மேல் இருந்த நம்பரை வைத்துத் தேடினேன், 50 முதல் 400 வரை என்று இருக்கிறது.

குளச்சல்_காற்று:
அப்படியானால் வேண்டாம். பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) 30, 35-தான் இருக்கும். 50-க்குக் கீழே அந்த சென்சார் சொல்வதற்குக் கணக்கே கிடையாது. டீசலில் காற்றை அப்படி அடைத்து வைப்பதில்லை, அதனால் அங்கே 50 போதும்.

மார்த்தாண்டம்_டீசல்:
என் வண்டியில் 4 பார்தான் ஓடுகிறது. ஒரு குறையும் இல்லை.

தக்கலை_வயரிங்:
உங்கள் பெயரிலேயே டீசல் இருக்கிறதே அண்ணாச்சி.

மார்த்தாண்டம்_டீசல்:
சரி, அந்தக் கடைச் சாமான் வேண்டாம். 20-லிருந்து 400 வரை படிக்கிற 4 பாரும் இருக்கிறது, அதை வாங்கட்டும். சொன்ன சொல்லில் மாற்றமில்லை.

எஸ்டீம்_நாகர்கோவில்:
பார்க்கப் போனால் 3 பார்தான் நடுவில் நிற்கிறது. வெப்பமும் சேர்த்து அளக்கும் வகை அது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் குழாயில் ஒரு தட்டை இடம் இருக்கிறது, அங்கேயே பொருத்திவிடலாம் என்று பார்க்கிறேன்.

தக்கலை_வயரிங்:
துளை போட்டுவிடாதே! அது த்ராட்டிலுக்கு (ஆக்சிலேட்டர் மிதித்தால் திறக்கும் வால்வு) முன்னால். பாதி மிதியில் குழாய்க்குள் பூஸ்ட் நிற்கும், த்ராட்டிலுக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கும். இன்ஜின் குடிப்பது பின்னால் உள்ளதை, இசியூ பார்ப்பது முன்னால் உள்ளதை. கரும்புகையாகக் கக்கும். அழுத்தத்தைப் பிளீனத்தில் (கிளைகள் பிரியும் முன் உள்ள பொது அறை) எடு, ஒரு சிலிண்டருக்குப் போகும் கிளையில் அல்ல. ஹோஸ் குட்டையாக இருக்கட்டும், சென்சார் துளையை விட உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எண்ணெயும் ஈரமும் அதற்குள் இறங்கும். வெப்பத்துக்கு அந்தக் குழாயில் தனி சென்சார் வைத்துக்கொள். 2.5-ஏ போதும் என்பதுதான் இன்னும் என் கட்சி, ஆனால் 3 தப்பில்லை.

குளச்சல்_காற்று:
ஸ்டார்ட் பண்ணும் முன் சாவியை மட்டும் போட்டு வோல்ட் பார். 20-க்கு 0.4, 300-க்கு 4.65 என்று அதன் தாள் சொன்னால் இங்கே 1.6 பக்கம் வர வேண்டும்.

எஸ்டீம்_நாகர்கோவில்:
மேனிஃபோல்டில் பிளீனத்தில் துளை போட்டு முடித்துவிட்டேன். இசியூவில் 1.75 காட்டுகிறது.

குளச்சல்_காற்று:
கணக்குப்படி 109 கிலோபாஸ்கல். அப்படியென்றால் நீ முக்கால் மீட்டர் தண்ணீருக்கு அடியில் நிற்கிறாய். எர்த் எங்கே கொடுத்தாய்?

எஸ்டீம்_நாகர்கோவில்:
பாடியில், பேட்டரித் தட்டுப் பக்கத்து போல்ட்டில். கழற்றிப் பார்த்தேன், வளையம் பச்சை பூத்துக் கிடக்கிறது.

குளச்சல்_காற்று:
எங்கள் கடலோர ஊர்ப்பக்கம் இருந்த வண்டிதானே, பூக்காமல் என்ன செய்யும்? பாடியே வேண்டாம். இசியூவில் சென்சாருக்கென்று எர்த் பின் தனியாக இருக்கும், அதில் கொடு.

எஸ்டீம்_நாகர்கோவில்:
மாற்றிவிட்டேன். 1.62.

மார்த்தாண்டம்_டீசல்:
ஓணத்துக்கு 4 பார் கேட்டு வருவாய், இங்கேதான் இருப்பேன்.