வெட்ட மாட்டேன் என்று சொன்ன டாக்டர்

நோர்வூட் அக்கா:

என் தங்கச்சிக்கு இப்போது 24 வயது. 19 வயதில் டவுனில் ஒரு கடையில் காதுச் சோணையில் இரண்டாவது ஓட்டை போட்டுக்கொண்டாள். மூன்று நான்கு மாதத்தில் அந்த இடத்தில் கடலை அளவுக்குச் சதை திரண்டது. அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் களிம்பு கொடுத்தார்கள். எதற்கும் அடங்காமல் அடுத்த வருடம் நெல்லிக்காய் அளவாகிவிட்டது, அரிப்பு வேறு. முடியை எப்போதும் அந்தப் பக்கமே இழுத்து விட்டிருப்பாள். பெண் பார்க்க வந்த அன்று ஒரு மாமி, "காதுல என்னா, முடிய ஒதுக்கு பார்ப்போம்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

அந்த அவசரத்தில்தான் தப்புப் பண்ணினோம். பேஸ்புக்கில் ஒரு அழகு நிலையத்தின் வீடியோ வந்தது. தழும்பு, மரு, கட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுப்பதாகச் சொன்னார்கள். போனோம். வெள்ளைக் கோட் போட்டவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "அரை மணி நேர வேலை, இன்றைக்கே எடுத்திடலாம்" என்றார். அப்பாவுக்குத் தோளில் ஊசி குத்திய இடம் இதே மாதிரி தடித்துப் போயிருக்கிறது. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சீட்டுக் காசில் 35,000 ரூபாய் கட்டினோம். ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினார்கள், படிக்காமலே தங்கச்சி கையெழுத்துப் போட்டாள். வெட்டினார், தையல் போட்டார், அனுப்பிவிட்டார். கொடுத்த பில்லில் அவர் பெயர்கூட இல்லை.

ஐந்து மாதத்தில் திரும்பி வந்தது, முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்காக. போன் எடுத்துக் கேட்டால், "அது உங்க உடம்பு வாகு" என்றார்கள். உண்மைதான். அதை வெட்டுவதற்கு முன்னால் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி ஆஸ்பத்திரியில் மிஸ்ஸாக, அதாவது தாதியாக, வேலை செய்கிறாள். அவள்தான் முதலில் கோபப்பட்டாள், அப்புறம் சொல்லிக் கொடுத்தாள். டாக்டர்களைப் பதிவு செய்கிற, எஸ்.எல்.எம்.சி. என்று சொல்கிற இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் டாக்டரின் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் எங்களிடம் சொன்ன பெயரைத் தேடினோம். அந்தப் பெயரில் யாருமே இல்லை. தங்கச்சி போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

பதிவில் பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அவள்தான் சொன்னாள். எம்.பி.பி.எஸ். முடித்தவர் டாக்டர், அவ்வளவுதான். பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் அதற்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சத்திரசிகிச்சையில் எம்.டி. எடுத்து, இன்னும் சில வருடம் அந்தத் துறையிலேயே பயிற்சி பெற்று, விசேட வைத்திய நிபுணராகச் சான்று வாங்கியிருக்க வேண்டும். 'காஸ்மெட்டிக்', 'எஸ்தெட்டிக்' என்று போர்டில் எழுதுவதற்கு அந்தப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

அப்படித் தேடித்தான் கண்டியில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைச் சேனல் பண்ணினோம், அதாவது காசு கட்டித் தனியாகப் பார்க்க நேரம் எடுத்தோம். காலையில் ஐந்தரைக்கு வீட்டிலிருந்து கிளம்பி, ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று போய்ச் சேர்ந்தோம். அவருக்குச் சிங்களம்தான். நல்லவேளை மிஸ்ஸும் கூட வந்தாள். மொழி தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், பாதி விளங்கினால் பாதி பயம்தான்.

அந்த டாக்டர் காதைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் கேள்வி கேட்டார். அப்பாவின் தோள் விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. இதற்குப் பெயர் கீலாய்ட், சாதாரணத் தழும்பு காயத்தின் எல்லைக்குள் நிற்கும், இது எல்லை தாண்டி வளரும் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். வெறுமனே வெட்டினால் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வரும், அதனால் இப்போது வெட்ட மாட்டேன் என்றார். முதலில் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை. சுருங்கிய பிறகு வெட்டுவதைப் பற்றிப் பேசலாம். வெட்டினாலும் ஊசி தொடரும், காதை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பும் மாதக்கணக்கில் போட வேண்டும். ஊசி போட்ட இடம் வெளுக்கலாம், தோல் மெலியலாம் என்பதையும் சொன்னார். "கல்யாணத்துக்குள் சரியாகுமா?" என்று நான் கேட்டதற்கு, "அப்படி வாக்குக் கொடுக்க என்னால் முடியாது" என்றார்.

தான் செய்த ஆட்களின் படங்களைக் காட்டினார். அதில் ஒன்று திரும்பி வந்த கேஸ். அதை அவராகவே காட்டினார் என்பதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கடைசியில், "ஒவ்வொரு தடவையும் காசு கட்டிச் சேனலுக்கு வராதீர்கள். கடிதம் தருகிறேன், அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கிலும் நான்தான் பார்க்கிறேன், அங்கே இலவசம்" என்றார். அங்கேதான் எல்லாம் நடந்தது. ஊசிக்கு வலி அதிகம், அதை மறைக்க மாட்டேன். நான்கு ஊசியில் மெத்தென்று ஆகிச் சுருங்கியது. அப்புறம்தான் வெட்டினார். இப்போது ஒரு சின்னத் தடிப்பும் லேசான வெளுப்பும் இருக்கின்றன. அரிப்பு இல்லை. முடியைப் பின்னால் வாரிக் கட்டுகிறாள். கிளினிக் கொப்பியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம், ஏனென்றால் இன்னும் போக வேண்டியிருக்கிறது.

பண்டாரவளை தம்பி:

அக்கா, என் அண்ணனுக்கு நடந்ததையும் சொல்கிறேன். வெளிநாட்டில் உழைத்து வந்த காசில் தலைமுடி நடப் போனார். முன்பணம் கட்டும் முன் நான் ஒன்று மட்டும் கேட்டேன்: முடி எடுக்கிறதும் நடுகிறதும் யார்? டாக்டர் வந்து நெற்றியில் கோடு போட்டுவிட்டுப் போவார், மற்றதெல்லாம் 'டீம்' பார்க்கும் என்றார்கள். டீமில் யார் யார், என்ன படித்தவர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நாள் முழுக்கத் தலையில் மரப்பு ஊசி போட்டுச் செய்கிற வேலை இது. அண்ணன் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு தோல் நிபுணர் ஒருவரிடம் காட்டினோம். அவர் இரத்தம் சோதித்துப் பார்த்து, இரும்புச் சத்துக் குறைவு என்று அதற்கு முதலில் மருந்து கொடுத்தார். முடி கொட்டுவது குறைந்திருக்கிறது. நடுவதைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

கண்டி மிஸ்:

வார்டில் வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டாக்டரைப் பார்க்கிற மாதிரி இடத்தையும் பாருங்கள். தனியார் மருத்துவ நிறுவனம் எதுவாக இருந்தாலும் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அதைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் சபை பார்க்கிறது. சான்றிதழ் எங்கே என்று கவுண்டரில் கேட்கலாம். முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மயக்க மருந்து நிபுணர் யார் என்று கேளுங்கள். இரவு இரத்தம் கசிந்தால் யாருக்குப் போன் எடுப்பது என்றும் கேளுங்கள். நம் ஆட்கள் பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வருகிறார்கள். கடைசி பஸ் போன பிறகு காயம் திறந்தால் திண்டாட்டம்தான்.

தலவாக்கலை அம்மா:

எல்லாம் சரி, ஆனால் டாக்டரிடம் போய் "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்" என்று எப்படிக் கேட்பது? கோபித்துக்கொண்டு பார்க்காமல் விட்டால்? என் மாமியாருக்குத் தோடு இழுத்துக் காது கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும். எனக்கு வாயே வராது.

நோர்வூட் அக்கா:

எனக்கும் வரவில்லை அம்மா. அதனால் கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். "ஐயா, வீட்டில் கேட்பார்கள், உங்கள் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக்கொள்ளலாமா?" இது முதல் வரி. "இந்த மாதிரி எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், சரிவராமல் போனால் நீங்களே பார்ப்பீர்களா?" இது இரண்டாவது. கை நடுங்கியது, முதல் வரியைப் பாதிதான் வாசித்தேன். அவர் சிரித்துவிட்டு என் பேனாவை வாங்கி, கொப்பியில் அவரே எழுதிக் கொடுத்தார்.