இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு முதல் முறை போகிறேன், டயரில் எவ்வளவு காத்து வைப்பது?

சிவப்பு ஸ்விஃப்ட்:
சென்னை பக்கத்தில் உள்ள அந்த ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டவிடும் டிராக் டே ஒன்றுக்கு அடுத்த மாதம் பெயர் கொடுத்திருக்கிறேன். வண்டி ஸ்விஃப்ட் பெட்ரோல், 185/65 R15 டயர், எந்த மாற்றமும் செய்யாதது. தினமும் ஆபீஸுக்கு ஓட்டுவதும் இதே வண்டிதான், நாலு வீலிலும் 33 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வைப்பேன். டிராக்குக்கு 26க்கு இறக்கு, அப்போதுதான் கிரிப் வரும் என்கிறான் நண்பன். டயர் கடையில் கேட்டால் 40 அடித்துக் கல் மாதிரி வைத்துக்கொள், நைட்ரஜன் போட்டால் ஏறவே ஏறாது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பிட்லேன் வாசி:
இரண்டு பேர் சொல்வதையும் விடுங்கள். 26 எல்லாம் ரேஸ் ஸ்லிக் (பள்ளக்கோடே இல்லாத வழவழப்பான ரேஸ் டயர்) போட்டு ஓட்டுபவர்களிடம் காதில் விழுந்த கணக்கு. அந்த டயரின் சைடுவால், அதாவது பக்கச்சுவர், விறைப்பாக இருக்கும், குறைந்த காத்திலும் மடங்காது. நம்முடையது பள்ளம் மேட்டில் சொகுசாகப் போகச் செய்த டயர், 26 வைத்து வேகமாக ஒரு வளைவில் திருப்பினால் டயர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, ஓரத்தில் உள்ள எழுத்து வரை தரையில் தேயும்.

காலையில் குளிர்ந்த நிலையில் என்ன வைத்தீர்கள் என்பதைவிட, நாலைந்து லேப் ஓட்டிவிட்டு உள்ளே வரும்போது சூட்டில் எவ்வளவு காட்டுகிறது என்பதுதான் முக்கியம். சுமார் 6 டிகிரி சூடு ஏறினால் 1 பிஎஸ்ஐ ஏறும். 30 டிகிரியில் 33 வைத்த டயருக்குள் காத்து 70 டிகிரிக்குப் போனால் 39 தாண்டிவிடும். அதனால் நீங்கள் வழக்கமாக வைக்கும் 33லேயே ஆரம்பியுங்கள், உள்ளே வந்ததும் அளந்து, முன் டயர் இரண்டையும் 36 முதல் 38க்குள் வரும்படி இறக்குங்கள். முதல் நாளில் பின் டயரைத் தொட வேண்டாம். பின்னால் காத்தைக் கூட்டினால் வண்டி நன்றாகத் திரும்பும் என்பார்கள், உண்மைதான், ஆனால் வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தனியாகக் கிளம்பிவிடும்.

நைட்ரஜனும் சூட்டில் காத்து மாதிரியேதான் விரியும். கம்ப்ரசர் காத்தில் வரும் ஈரம் அதில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். காசை மிச்சம் பிடித்து காத்து அளக்கும் நல்ல கேஜ் ஒன்று வாங்குங்கள், பங்கில் தொங்குவதை நம்பி 1 பிஎஸ்ஐ கணக்குப் பார்க்க முடியாது.

மூணாவது கியர்:
மேலே அண்ணன் சொன்னது சரி, கூட இரண்டு விஷயம். வீட்டில் 33 வைத்துவிட்டு பெங்களூர் ஹைவேயில் 40 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனால் அங்கே சேரும்போதே இரண்டு மூன்று ஏறியிருக்கும். அதைக் குளிர்ந்த டயர் என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள், ஒரு மணி நேரமாவது விட்டு அளக்கவும். அதுவும் நிழலில். வெயில் பக்கம் நிற்கும் இரண்டு டயர் மட்டும் கூடுதலாகக் காட்டி என்னை ஒருமுறை நன்றாக ஏமாற்றியது.

அப்புறம், ஸ்கூல் கேன்வாஸ் ஷூவுக்குப் போடும் வெள்ளை பாலிஷ் இருக்கிறதல்லவா, அதை டயரின் ஓரத்தில், தரையில் படும் பட்டையிலிருந்து சைடுவால் வரை ஒரு கோடாக இழுத்து விடுங்கள். சில டயரில் அந்த இடத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். வெள்ளை அந்தக் குறி வரை அழிந்திருந்தால் சரி, அதற்கும் கீழே அழிந்திருந்தால் காத்து பத்தவில்லை, குறியைத் தொடவே இல்லையென்றால் அதிகம். கேஜ் சொல்வதைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும். கியரில் விட்டு ஒரு கல்லை முட்டுக் கொடுங்கள்.

சிவப்பு ஸ்விஃப்ட்:
நன்றி அண்ணே. சைடுவாலில் அதிகபட்சம் 44 என்று இருக்கிறதே, சூட்டில் 40 தொட்டால் வெடித்துவிடாதா?

பிட்லேன் வாசி:
அது குளிர்ந்த நிலைக்கான வரம்பு, சூட்டில் ஏறுவதையும் கணக்கில் வைத்துத்தான் போட்டிருப்பார்கள். அதைவிட டயரின் வயதைப் பாருங்கள். சைடுவாலில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழையது என்றால் போகாதீர்கள். மழை வந்தால் டயர் அவ்வளவாகச் சூடேறாது, காத்தை இறக்கவே வேண்டாம்.

சிவப்பு ஸ்விஃப்ட்:
போய்விட்டு வந்துவிட்டேன்! காலை நாலும் 33. ஐந்து லேப் கழித்து இடது முன் 40, வலது முன் 38, பின்னால் இரண்டும் 36. கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக், வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் பாரம் முழுக்க இடது முன் டயர் மேலேயே விழுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. முன் இரண்டையும் 37க்கு இறக்கினேன், அடுத்த முறை ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்டது. சாயங்காலம் பங்கில் இடது முன் 29 காட்டியது, சூட்டில் நான் இறக்கிவிட்டது தெரியாமல் காத்து அடித்த பையன் ஸ்லோ பஞ்சர் சார் என்று ஆணியைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

அந்த டயரின் வெளி ஓரம் மட்டும் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. வலது பக்கம் மாற்றிப் போடலாமா?

மூணாவது கியர்:
சைடுவாலில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தாராளமாக மாற்றலாம்.