பிள்ளைகளை நாள்தோறும் செபிக்கப் பழக்குவது எப்படி?

அன்பான பெற்றோருக்கும் மறையாசிரியர்களுக்கும் வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கும் எங்களுக்குத் தரம் 2இலும் தரம் 5இலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு இருவரும் ஆவலோடு வருகிறார்கள். ஒக்டோபரில் அயலவரோடு செபமாலை சொல்வதிலும் குறையில்லை. ஆனால் மற்ற நாட்களில், மூத்தவள் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு முடிந்து களைத்து வந்தபின் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிச் செபத்தையும் குடும்பமாகச் சொல்ல முயன்றால், சின்னவன் பாதியிலேயே உறங்கிவிடுகிறான். அவளோ உதட்டளவில்தான் சொல்கிறாள். அதட்டி முழந்தாளிட வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை; அச்சத்தில் பழகிய செபம் வளர்ந்தபின் நிலைக்காது என்றே நம்புகிறேன்.

தானியேல் நாளுக்கு மூன்று வேளை செபித்ததாக விவிலியம் கூறுகிறது (தானியேல் 6:10). அவ்வாறே, காலையில் பாடசாலை வான் வருமுன் சிலுவை அடையாளமும் ஒரு நன்றியும், உணவுக்கு முன் சிறு செபம், இரவில் செபமாலையின் ஒரு பத்து (பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி) மட்டும் எனப் பிரித்துக்கொள்ள எண்ணுகிறோம். இவ்வயதுப் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா? உங்கள் வீட்டில் எந்த வேளை, எவ்வளவு நேரம் என்பதை விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும். குறிப்பாக, சொந்தச் சொற்களில் வேண்டக் கூச்சப்படும் பிள்ளையை எவ்வாறு தொடங்க வைத்தீர்கள் என்பதைத் தயவுசெய்து கூறுங்கள்.